எலும்பு வளர மேலே ஒரு சவ்வு எதற்கு? எந்தச் சவ்வு?

முன்பல் ஒன்றை எடுத்த இடத்தில் எலும்பு ஒடுங்கிவிட்டது. இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைக்க வேண்டுமானால் எலும்புத் துகள் வைத்து, மேலே ஒரு மெம்ப்ரேன், அதாவது சவ்வு, போட்டு மூட வேண்டும் என்கிறார்கள். ஒரு டாக்டர் 'கொலாஜன் (விலங்குத் திசுவிலிருந்து எடுக்கும் புரத நார்) போதும், தானே கரைந்துவிடும்' என்கிறார். இன்னொருவர் 'டைட்டானியம் கம்பி பதித்த பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) வேண்டும், சில மாதம் கழித்துத் திறந்து எடுத்துவிடலாம்' என்கிறார். இரண்டில் எது நல்லது? மெம்ப்ரேனே இல்லாமல் துகளை மட்டும் வைத்துத் தைத்துவிட்டால் என்ன? இதுதான் கேள்வி.

இரண்டு டாக்டர்கள் சொல்வதும் சரியாகவே இருக்கலாம். குழியை ஒருவர் சின்னதாக மதிப்பிட்டிருப்பார், இன்னொருவர் பெரிதாக. 'நல்ல மெம்ப்ரேன் எது' என்பதற்குப் பொதுவான பதில் கிடையாது. எலும்பில் உள்ள குறையின் வடிவம் என்ன, அந்த இடத்தை எத்தனை நாள் காக்க வேண்டும், மேலே ஈறு இழுபடாமல் மூடுமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்தப் பொருள் என்பது பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும். மூன்றில் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சவ்வு எதற்கு என்று பார்ப்போம்.

பல்லை எடுத்தபின் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை. அது கரையத் தொடங்குகிறது. ஷ்ராப் என்பவரின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கடைவாய்ப் பகுதியில் பல் எடுத்த ஒரு வருடத்துக்குள் எலும்பு மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதத்திலேயே நடந்துவிட்டது. முன்பற்களின் வெளிப்பக்க எலும்பு பலருக்கு 1 மி.மீ. கூட இருக்காது, அங்கே ஒடுக்கம் இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும்.

சரி, போன எலும்பு திரும்ப வளராதா? வளரும். ஆனால் அந்தக் காலி இடத்துக்குப் பல வகைச் செல்கள் போட்டி போடுகின்றன, அதில் எலும்புச் செல்தான் மந்தமானது. ஈறின் மேல்தோல் செல்கள் ஒரு நாளைக்கு அரை மி.மீ. அளவுக்கு நகர்ந்துவிடும். ஈறின் இணைப்புத் திசு அதற்குப் பின்னாலேயே வரும். எலும்பு உருவாக வேண்டுமானால் முதலில் ரத்தம் உறைய வேண்டும், அந்த உறைவுக்குள் சுற்றியுள்ள எலும்பிலிருந்து புது ரத்தக் குழாய்கள் நுழைய வேண்டும், அவற்றின் கூடவே எலும்பை உண்டாக்கும் செல்கள் வர வேண்டும், அவை ஒழுங்கில்லாத இளம் எலும்பை முதலில் போட்டு, அப்புறம் அதை அடுக்கடுக்கான முதிர்ந்த எலும்பாக மாற்ற வேண்டும். இதெல்லாம் மாதக் கணக்கில் நடக்கும் வேலை. அதற்குள் மென்திசு இடத்தைப் பிடித்துவிட்டால் எலும்பு வருவதற்கு இடமே இருக்காது. குழி ஆறிவிடும், ஆனால் தழும்புத் திசுவால் ஆறியிருக்கும்.

சவ்வு இங்கே வேலி மாதிரி. வேலி பயிரை வளர்ப்பதில்லை. பயிர் எழும்வரை மேய வருவதைத் தடுக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பொருள்களைப் பற்றிய பேச்சு எளிதாகப் புரியும். ஈறு நோய்க்கு அறுவை செய்த பல்லின் வேரை எந்த வகைச் செல் முதலில் போய்ச் சேருகிறதோ, அதைப் பொறுத்தே அங்கே என்ன திசு உருவாகும் என்று மெல்ச்சர் 1976-இல் எழுதினார். மேல்தோல், ஈறின் இணைப்புத் திசு, எலும்பு, பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்த்திசு என்று போட்டியில் நான்கு பேர். கோதன்பர்க்கில் இருந்த நைமன், கர்ரிங், லிண்டே ஆகியோரின் குழு இதை ஒவ்வொன்றாகச் சோதித்தது. வேர் எலும்போடு நேராக ஒட்டினால் இரண்டும் இறுகிப்போய் வேர் கரைந்தது. ஈறின் இணைப்புத் திசுவோடு ஒட்டினாலும் வேர் கரைந்தது. மேல்தோல் முந்தினால் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது, ஆனால் புதிய பிடிப்பு உருவாகவில்லை. பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்த்திசுவிலிருந்து வந்த செல்கள் மட்டுமே வேரின் மேல் புது சிமென்டத்தையும் (வேரைப் போர்த்தியிருக்கும் கடினமான படலம்) அதில் பதிந்த நார்களையும் உண்டாக்கின.

அப்படியானால் மற்றவர்களைத் தடுத்துவிட்டால் போதுமே! 1982-இல் அதையே ஒரு மனிதப் பல்லில் செய்து பார்த்தார்கள். அன்று அதற்கென்று தயாரித்த சவ்வு எதுவும் இல்லை. ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் மில்லிபோர் வடிதாளை ஈறுக்கும் வேருக்கும் நடுவே வைத்துத் தைத்தார்கள். 3 மாதம் கழித்துப் பல்லைச் சுற்றியுள்ள திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் தின்ற வேரின் மேல் புது சிமென்டமும் நார்களும் இருந்தன. பல் மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான ஒரு நிரூபணம் அபூர்வம் என்று நினைக்கிறேன். 1986-இல் கோட்லோவின் குழு இதற்கு 'வழிகாட்டப்பட்ட திசு மீளாக்கம்' என்ற பொருளில் பெயர் கொடுத்தது.

அதையே எலும்புக்கு மட்டும் பொருத்திப் பார்த்தவர் டாலின். 1988-இல் வெளியான அந்தச் சோதனையில் எலிகளின் கீழ்த்தாடையில் இரு பக்கமும் ஒரே அளவில், எலும்பை முழுதாக ஊடுருவும் ஓட்டை போட்டார்கள். ஒரு பக்கம் டெஃப்லான் சவ்வால் மூடப்பட்டது, மறுபக்கம் சும்மா விடப்பட்டது. மூடிய பக்கத்தில் 3 வாரத்தில் பாதி எலிகளுக்கும், 6 வாரத்தில் ஏறக்குறைய எல்லா எலிகளுக்கும் ஓட்டை எலும்பால் முழுதாக அடைபட்டது. மூடாத பக்கத்தில் 22 வாரம் ஆகியும் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இதில் எலும்புத் துகள் கிடையாது, வளர்ச்சி மருந்து கிடையாது. தடுப்பு மட்டும்தான். 'சவ்வு இல்லாமல் துகளை மட்டும் வைத்தால் என்ன' என்ற கேள்விக்கு என் பதில் இந்தச் சோதனைதான். துகள் இடத்தை நிரப்பும், ஆனால் மென்திசு துகள்களின் இடுக்குகளில் புகுந்து வருவதை அதனால் தடுக்க முடியாது. திறந்து பார்த்தால் துகள்கள் எலும்புக்குள் இருக்காது. நார்த்திசுவில் புதைந்து கிடக்கும். நாலு பக்கமும் எலும்புச் சுவர் முழுதாக இருக்கும் ஒரு குழி சவ்வு இல்லாமலும் நன்றாக ஆறலாம். சுவர் உடைந்த குழிக்கு அந்த நம்பிக்கை வேண்டாம்.

நல்ல சவ்வுக்கு என்ன தகுதி வேண்டும் என்று 1993-இல் ஸ்கேன்டில்பரி எழுதிய ஐந்து அம்சங்களைத்தான் இன்றும் பாடமாகச் சொல்கிறோம்: உடல் அதை ஏற்க வேண்டும், செல்களைத் தடுக்க வேண்டும், இடத்தைக் காக்க வேண்டும், சுற்றியுள்ள திசுவோடு ஒன்ற வேண்டும், கையாள வசதியாக இருக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. இடத்தைக் காக்க விறைப்பு வேண்டும். விறைப்பானது ஈறைக் குத்தி வெளியே வரும். திசுவோடு ஒன்ற நுண்துளை வேண்டும். துளை பெரிதானால் கிருமி உள்ளே குடியேறும். கரைவது நல்லது, கரைகிற பொருள் எப்போது தளரும் என்பது நம் கையில் இல்லை. ஒவ்வொரு பொருளும் இந்த மோதலை ஒவ்வொரு இடத்தில் சமரசம் செய்கிறது.

முதல் தலைமுறை கரையாத சவ்வு. பி.டி.எஃப்.இ. என்பது டெஃப்லான் என்ற பெயரில் எல்லோரும் அறிந்த பொருள்தான். 1969-இல் ராபர்ட் கோர் அதைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது நுண்துளைகள் நிறைந்த வலை போன்ற வடிவம் கிடைத்தது. அந்த விரித்த பி.டி.எஃப்.இ. ரத்தக் குழாய் அறுவையில் நுழைந்து, அங்கிருந்து பல் மருத்துவத்துக்கு வந்தது. 1980-களின் கடைசியிலிருந்து நீண்ட காலம் இதுதான் அளவுகோல். புதுப் பொருள் எது வந்தாலும் இதோடுதான் ஒப்பிட்டார்கள். அதன் பலவீனம் அந்த நுண்துளைகளிலேயே இருந்தது. ஈறு விலகிச் சவ்வு கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் வாயின் கிருமிகள் துளைக்குள் புகுந்துவிடும். கழுவினாலும் போகாது. வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பைக் காப்பாற்ற அவசரமாகச் சவ்வை எடுக்க வேண்டியிருக்கும்.

அதற்குத் தீர்வாக வந்தது விரிக்காத, அடர்த்தியான பி.டி.எஃப்.இ. இதன் துளை 0.3 மைக்ரானுக்கும் குறைவு. பெரும்பாலான கிருமிகள் அதைவிடப் பெரியவை. அதனால் பல் எடுத்த குழியின் மேல் வைத்து, ஈறை முழுதாக இழுத்து மூடாமல், சவ்வு வெளியே தெரியும்படியே விட்டுவிட முடிகிறது. 3 அல்லது 4 வாரம் கழித்து மரத்துப்போக ஊசிகூடப் பல சமயம் தேவைப்படாமல் இடுக்கியால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். அடியில் சிவப்பாக, இறுகத் தொடங்கிய திசு இருக்கும். மேலே புது ஈறு சில வாரத்தில் மூடிக்கொள்ளும். ஈறை இழுக்காததால் அதன் தடித்த, உறுதியான விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பின்னால் இம்ப்ளான்ட் வைக்கும்போது அது பெரிய லாபம். இந்த ஒரு வேலைக்கு இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பல் எடுத்த குழிக்குப் பொருந்துவதை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. பெரிய எலும்பு வளர்ப்பில் இதே சவ்வு வெளியே தெரிந்தால் அது ஆபத்துதான். கிருமி துளை வழியாக வராவிட்டாலும் ஓரத்தைச் சுற்றி உள்ளே போகும்.

எலும்பை உயரத்தில் வளர்க்க வேண்டும் என்றால் கதை வேறு. பக்கவாட்டில் எலும்பு சேர்ப்பதைவிட மேல்நோக்கிச் சேர்ப்பது பல மடங்கு கடினம். தாங்க சுவர் கிடையாது. உதடும் கன்னமும் நாக்கும் நாள் முழுதும் அழுத்தும். அங்கே பி.டி.எஃப்.இ. சவ்வுக்குள் மெல்லிய டைட்டானியம் சட்டம் பதித்து, வேண்டிய வடிவத்துக்கு வளைத்து, ஆணியடித்து நிறுத்துகிறார்கள். 6 முதல் 9 மாதம் வரை அது அப்படியே இருக்க வேண்டும். இன்னொரு வழி டைட்டானியம் வலை. நோயாளியின் ஸ்கேனை வைத்து அவருக்கென்றே அச்சிட்ட வலையும் இன்று கிடைக்கிறது. வலையின் துளை பெரிது. செல்களை அது தடுக்காது, இடத்தை மட்டும் காக்கும். அதனால் திறந்து எடுக்கும்போது வலைக்கு அடியில் மெல்லிய மென்திசுப் படலம் ஒன்று எலும்பின் மேல் படர்ந்திருக்கும். பலர் வலையின் மேல் ஒரு கொலாஜன் சவ்வையும் போர்த்துகிறார்கள்.

இனி கொலாஜன். இன்று அதிகம் பயன்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பன்றியின் தோல் அல்லது வயிற்று உட்சவ்வு, மாட்டின் குதிகால் தசைநார், இதய உறை போன்றவற்றிலிருந்து செல்களையும் கொழுப்பையும் நீக்கி, கொலாஜன் நார்களை மட்டும் மிச்சம் வைத்துத் தயாரிக்கிறார்கள். பெரும்பாலும் முதல் வகை, மூன்றாம் வகைக் கொலாஜன். எந்த விலங்கு என்ற தகவல் நோயாளிக்கு அறுவைக்கு முன்பே தெரிய வேண்டும். சிலருக்கு அது நம்பிக்கை சார்ந்த விஷயம், சிலருக்கு வாழ்க்கை முறை சார்ந்தது. மாற்றுப் பொருள் இருக்கும்போது இதைச் சொல்லாமல் வைப்பது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

கொலாஜனின் சிறப்பு அது ஈறோடு சண்டை போடாமல் இருப்பது. உலர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். கத்தரிக்கோலால் வேண்டிய வடிவத்தில் வெட்டலாம். தையல் நூல் வந்த உறையின் உள்தாளை முதலில் குழியின் மேல் வைத்து அளவு பார்த்து, அதன்படி சவ்வை வெட்டுவது பல அறுவை மருத்துவர்களின் வழக்கம். குறையின் ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2, 3 மி.மீ. நல்ல எலும்பின் மேல் அது படிய வேண்டும். வைத்ததும் ரத்தம் ஊறிச் சில நொடியில் தளர்ந்து, எலும்பின் வளைவோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். இரண்டு அடுக்குள்ள வகையில் வழவழப்பான பக்கம் ஈறைப் பார்த்து இருக்க வேண்டும், சொரசொரப்பான பக்கம் எலும்பைப் பார்த்து. ரத்தம் உறையவும் இது உதவுகிறது. ஈறுச் செல்கள் இதன் மேல் எளிதாகப் படர்கின்றன. தப்பித் தவறி ஈறு விலகினாலும் சவ்வு கரைந்துபோகும், அதன் மேல் ஈறு மறுபடி மூடிவிடுவதைப் பல சமயம் பார்க்கலாம். இரண்டாவது அறுவை வேண்டாம்.

குறை என்ன? ரத்தம் ஊறியதும் விறைப்பு போய்விடும். தன்னைத் தானே தாங்கிக்கொள்ள அதற்கு வலு இல்லை. அடியில் துகள் இருந்தால்தான் வடிவம் நிற்கும். உதடு அழுத்தினால் துகள் மேலே இருந்து கீழே சரியும். எங்கே எலும்பு அதிகம் வேண்டுமோ, அதாவது இம்ப்ளான்டின் கழுத்துப் பகுதியில், அங்கேதான் மெலிந்துபோகும். அதனால்தான் சவ்வைச் சும்மா போர்த்திவிடாமல் சிறு டைட்டானியம் ஆணிகளால் அடிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். சவ்வை இறுக இழுத்து ஆணியடித்து, துகள்கள் நகர முடியாதபடி பொதிந்து வைக்கும் முறை நன்றாகப் பரவியிருக்கிறது. கொலாஜன் சவ்வின் தோல்வி என்று எழுதப்படும் பலவற்றில் பொருளைவிட, அது அசைந்ததுதான் காரணம் என்பது என் கருத்து. அசைகிற இடத்தில் ரத்த உறைவு நிலைக்காது, உறைவு நிலைக்காத இடத்தில் எலும்பு வராது.

இன்னொரு குறை காலம். நம் உடலின் நொதிகளே கொலாஜனைச் சிதைக்கும். ஈறு நோயை உண்டாக்கும் கிருமிகள் சிலவும் கொலாஜனை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சவ்வு வாயில் திறந்துகொண்டால் கரைவது வேகமாகும். சாதாரணக் கொலாஜன் சவ்வு தடுப்பாக நிற்பது வாரக் கணக்கில்தான். பெட்டியின் மேல் 'இத்தனை மாதத்தில் கரையும்' என்று போட்டிருப்பதை அப்படியே தடுப்புக் காலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி நார் மறைய ஆகும் காலம் வேறு, செல்களைத் தடுக்கும் வலு போகும் காலம் வேறு. இரண்டாவது எப்போதும் முன்னாலேயே வந்துவிடும்.

கரைவதைத் தள்ளிப்போட நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறார்கள். குளுட்டரால்டிஹைட் போன்ற ரசாயனத்தாலும் செய்யலாம், ரைபோஸ் சர்க்கரையாலும் செய்யலாம். பிணைப்பு கூடக் கூடச் சவ்வு அதிக நாள் தாங்கும். ஆனால் ரத்தக் குழாய்கள் அதற்குள் நுழைவதும் திசு ஒன்றுவதும் தாமதமாகும். ரசாயனம் மிச்சமிருந்தால் செல்களுக்கு எரிச்சல். அதிகம் பிணைத்த சில சவ்வுகளில் ஈறு விலகுவது கூடுதலாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் 'அதிக நாள் நிற்கும்' என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பாலிலாக்டிக் அமிலம், பாலிகிளைகோலிக் அமிலம், இரண்டின் கலவை என்று செயற்கைப் பாலிமர் சவ்வுகளும் உண்டு. கரையும் தையல் நூலின் உறவினர்கள் இவை. விலங்குப் பொருள் வேண்டாம் என்பவருக்கு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். கலவையின் விகிதத்தை மாற்றி எவ்வளவு நாளில் கரைய வேண்டும் என்று ஓரளவு தீர்மானிக்கலாம். நொதி தேவையில்லை, தண்ணீரே இதை உடைக்கும். உடையும்போது அமிலம் வெளியாவதால் அந்த இடத்தில் லேசான அழற்சி வரலாம்; அதுவும் திசுவோடு ஒன்றுவதில் கொலாஜன் அளவுக்கு இல்லை என்பதும்தான் இதன் பின்னடைவு. மக்னீசிய உலோகச் சவ்வு புதிதாக வந்திருக்கிறது: உலோகத்தின் விறைப்பும் உண்டு, கரையவும் செய்யும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகும். எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீண்ட கால முடிவுகள் இன்னும் சேர வேண்டும்.

நோயாளியின் சொந்த ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பி.ஆர்.எஃப். பற்றி ஒரு எச்சரிக்கை. 2001-இல் பிரான்சில் சூக்ரூன் அறிமுகப்படுத்திய இந்த ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் புரத நார்) படலத்தை இன்று பலர் 'சொந்த மெம்ப்ரேன்' என்று சொல்லி எல்லாவற்றின் மேலும் போர்த்துகிறார்கள். மென்திசு சீக்கிரம் ஆற அது உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்குள் கரைந்துவிடும் ஒன்று மாதக் கணக்கில் தடுக்க வேண்டிய வேலையைச் செய்ய முடியாது. கொலாஜன் சவ்வின் மேல் கூடுதலாக வைத்தால் நல்லது. அதற்குப் பதிலாக வைக்கிறேன் என்றால், குறை எவ்வளவு சின்னது என்று கேளுங்கள்.

சவ்வு வெறும் வேலி என்ற எண்ணத்தையும் அண்மைக் காலத்தில் திருத்த வேண்டியிருக்கிறது. டாலினும் அவரோடு சேர்ந்தவர்களும் பிற்பாடு செய்த ஆய்வுகளில், கொலாஜன் சவ்வுக்குள் செல்கள் குடியேறி, எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான சமிக்ஞைகளை அங்கிருந்தே அனுப்புவது தெரியவந்தது. அதாவது சவ்வும் குணமாகும் வேலையில் பங்கெடுக்கிறது. கொலாஜன் கணக்குப்படி சீக்கிரம் தளர்ந்தும் பல இடங்களில் நல்ல எலும்பு கிடைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது முதலில் சொன்ன ஈறு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு எலும்பு வளர்ப்பின் தலையெழுத்தைச் சவ்வின் பொருளைவிட அதிகம் தீர்மானிப்பது மேலே ஈறு மூடி நிற்கிறதா என்பதுதான். 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பல்லில்லாத மேடுகளில் சவ்வு வெளியே தெரியாத இடங்களில், தெரிந்த இடங்களைவிட 74% கூடுதலான பக்கவாட்டு எலும்பு கிடைத்திருந்தது. இந்த அளவு வித்தியாசத்தைச் சவ்வு மாற்றியதால் மட்டும் யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

ஈறு ஏன் விலகுகிறது? உள்ளே துகளும் சவ்வும் வைத்ததும் கனம் கூடிவிடுகிறது. அதன் மேல் பழைய ஈறு போதாது. எட்டாத ஈறை நூலால் இழுத்துத் தைத்தால் விளிம்பில் ரத்த ஓட்டம் நின்று, வெளுத்து, ஒரு வாரத்தில் பிளந்துவிடும். தீர்வு இழுப்பதில் இல்லை, தளர்த்துவதில் இருக்கிறது. ஈறின் உட்புறத்தில் பெரியாஸ்டியம் என்ற மெல்லிய உறை இருக்கிறது. அது நீளாது. அதை மட்டும் மேலோட்டமாக ஒரு கீறல் போட்டு விடுவித்தால், அடியில் உள்ள மீள்தன்மையான திசு விரிந்து ஈறு பல மி.மீ. முன்னே வரும். தையல் போடுவதற்கு முன்பே இரண்டு விளிம்பும் சும்மா ஒன்றன் மேல் ஒன்று படிய வேண்டும். அப்படிப் படிந்தால்தான் தைக்க வேண்டும். கரையாத சவ்வைக் கையாள அனுபவம் வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் இந்தக் கீறல்தான்.

கரையாத சவ்வு வெளியே தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு 2011-இல் ஃபோன்டானாவின் குழு ஒரு வகைப்பாடு கொடுத்தது. திறப்பு 3 மி.மீ.க்குள், சீழ் இல்லை என்றால் கிருமிநாசினி ஜெல் தடவிச் சில வாரம் நெருக்கமாகக் கவனிக்கலாம். அதைவிடப் பெரிது என்றால் சீழ் இல்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும். சீழ் இருந்தால் அன்றே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். காத்திருந்தால் இருந்த எலும்பும் போகும். ஆகவே இந்தச் சவ்வு வைத்துக்கொண்டவர் சொன்ன தேதியில் தவறாமல் போய்க் காட்ட வேண்டும். அடிக்கடி வந்து காட்ட முடியாதவருக்குக் கொலாஜன்தான் பொருத்தம் என்று நான் தயங்காமல் சொல்வேன், குறை சற்றுப் பெரிதாக இருந்தாலும்கூட.

பல்லைச் சுற்றிய எலும்புக் குறைக்கும் இதே சவ்வுகள் பயன்படுகின்றன. வேரை ஒட்டி ஆழமாக, குறுகலாக, மூன்று பக்கம் சுவர் உள்ள குழி என்றால் பலன் நன்றாக இருக்கும். கடைவாய்ப் பல்லின் வேர்ப்பிரிவில் எலும்பு ஒரு பக்கம் பாதி வரை போயிருந்தாலும் முயலலாம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை துளை விழுந்துவிட்டால் எதிர்பார்க்காதீர்கள். வெறுமனே திறந்து சுத்தம் செய்வதோடு ஒப்பிட்டால் சவ்வு வைப்பதால் கிடைக்கும் கூடுதல் பிடிப்பு சராசரியாக 1.2 மி.மீ. அளவுதான் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது. சராசரிக்குப் பின்னால் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. சரியான குழியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதைவிட நிறையவே கிடைத்தது. இந்த இடத்தில் இன்று பல மருத்துவர்கள் சவ்வைவிட எனாமல் புரத ஜெல்லை விரும்புகிறார்கள். பற்களுக்கு நடுவே உள்ள குறுகிய இடத்தில் சவ்வைப் பொருத்துவது சிரமம் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் கேள்விக்குத் திரும்பினால்: அகலம் மட்டும் 2, 3 மி.மீ. குறைவு, இரு பக்கமும் பற்களின் எலும்பு உயரமாக நிற்கிறது என்றால் ஆணியடித்த கொலாஜன் சவ்வும், அடியில் மெதுவாகக் கரையும் எலும்புத் துகளும் போதும். உயரமும் சேர்ந்து போயிருந்தால் கொலாஜனால் மட்டும் அந்த வடிவத்தைப் பிடித்து வைக்க முடியாது. டைட்டானியம் சட்டம் உள்ள சவ்வோ வலையோ வேண்டும், இரண்டாவது முறை திறக்க வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு டாக்டர்களிடமும் 'எந்தச் சவ்வு' என்று கேட்காதீர்கள். 'எனக்குக் குறைவது அகலமா, உயரமா, எத்தனை மி.மீ.' என்று கேளுங்கள். ஸ்கேனில் அந்த இடத்தின் குறுக்குவெட்டைக் காட்டச் சொல்லுங்கள். சவ்வை எப்படி அசையாமல் நிறுத்துவார், ஈறு திறந்துகொண்டால் அடுத்து என்ன செய்வார் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பிப் போகலாம்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. புகைபிடிப்பவர் என்றால் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்துங்கள். ஈறின் விளிம்புக்குப் போகும் ரத்தத்தைப் புகை குறைக்கிறது, ஈறு விலகுவது புகைபிடிப்பவர்களிடம் அதிகம். சர்க்கரை நோய் இருந்தால் அளவு கட்டுக்குள் வந்த பிறகே தேதி வையுங்கள். தற்காலிகப் பல்செட் அந்த இடத்தை அழுத்தவே கூடாது. அழுத்தினால் எந்தச் சவ்வும் தாங்காது, செட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். அப்புறம், முதல் இரண்டு வாரம் உதட்டைத் தூக்கித் தையலைக் கண்ணாடியில் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் தளர்த்தித் தைத்த ஈறு தையலில் இழுபடுகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கும் காட்ட வேண்டாம்.